இடப்பக்கப் பவளம்

1894 ஏப்ரல் 9, திங்கள்

எங்கள் துரை இன்று இந்தக் கெட்டி அட்டை நோட்டைக் கொடுத்து, நல்ல போலீஸ் அதிகாரி தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்றார். எழுதுகிறேன். இந்தச் சென்னைப் பட்டணத்தில் நல்ல அதிகாரி ஒருவன் இருந்தான் என்பதற்கு அத்தாட்சியாவது மிஞ்சட்டும்.

இன்னொன்றும் சொன்னார். மே 24 மகாராணியின் பிறந்தநாள். அன்று வெளியாகும் கௌரவப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். ராவ் சாகிப் கனகசபைப் பிள்ளை. பதினெட்டு வருஷமாகக் குடிகாரர்களிடம் அடி வாங்கியதற்கெல்லாம் கிடைக்காதது, பவளக்காரத் தெரு வழக்கு ஒன்றுக்குக் கிடைக்கிறது.

அந்த வழக்கை இங்கே எழுதி வைக்கிறேன். தை மாதம் அந்தத் தெருவில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்க வீடே வாசலுக்குப் போயிருந்தபோது பெண்ணின் நகைப் பெட்டி காலி. இப்போதெல்லாம் பணக்கார வீடுகளில் பொன் கொடியில் கோத்தே தாலி கட்டுகிறார்கள். அந்தக் கொடியும் போயிற்று. ஆனால் தாலியை மட்டும் திருடன் கழற்றி, மஞ்சள் நூலில் கோத்து, தட்டில் அரிசிமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். கல்யாணம் நிற்கக் கூடாது என்ற பெரிய மனசாம். ஊரே சொல்லிச் சொல்லி உருகியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நூலை உற்றுப் பார்த்தவன் நான் ஒருவன்தான். தாலிக்கு இருபுறமும் பவளமும் பொன்குண்டும் மாற்றி மாற்றி வர வேண்டும். இதிலோ பவளம் முழுக்க இடப்பக்கம், குண்டு முழுக்க வலப்பக்கம். இனம் இனமாகப் பிரித்து வைப்பது யார் கைப்பழக்கம்? நகை செய்கிறவன் கைப்பழக்கம். அந்தத் தாலியைச் செய்து அன்று காலையில் கொண்டுவந்து கொடுத்தவன் நாகலிங்க பத்தர். பிடித்தேன். ஐந்து வருஷம் கடுங்காவல். நகைகளை எங்கே வைத்தான் என்று அவன் இதுவரை வாய் திறக்கவில்லை. துரை என் மூளையைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு பக்கம் எழுதினார்.

பத்தரின் பெண்டாட்டி சௌந்தரம் தினமும் காலையில் என் வீட்டுக்கு எதிரே வந்து நிற்கிறாள். அழுவதில்லை, கெஞ்சுவதில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் வண்டி ஏறியதும் போய்விடுகிறாள். தெருவில் நிற்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் தேவலை.

ஏப்ரல் 12, வியாழன்

வெயில். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் பணியில் தூங்கினார்கள். நின்றுகொண்டே தூங்குகிற வித்தையை இவர்களுக்கு எவன் கற்றுக்கொடுத்தானோ.

ஏப்ரல் 19, வியாழன்

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு துணி வியாபாரி வீட்டில் நாளைக் காலை முகூர்த்தம். இன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் நகைப் பெட்டி காலி. ஆள் வந்து சொன்னதும் ஓடினேன்.

தாலி தட்டில் அரிசிமேல் இருந்தது. மஞ்சள் நூல். பவளம் முழுக்க இடப்பக்கம்.

நாகலிங்க பத்தர் சிறையில் கல் உடைத்துக்கொண்டிருக்கிறான். ஆகவே இது அவனைப் பார்த்துக் காப்பியடித்த வேறொரு பத்தரின் வேலை. இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை.

வீட்டார் கூடத்தில் காலிப் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள்; தாலியை இன்னும் யாரும் உற்றுப் பார்க்கவில்லை, அறையில் அப்போது யாரும் இல்லை. நூலை அவிழ்த்துப் பவளத்தையும் குண்டையும் முறைப்படி மாற்றி மாற்றிக் கோத்து வைத்தேன். மங்கல காரியத்துக்கு உரிய பொருள் கோணலாக இருந்தால் பெண்ணின் தாய் வருத்தப்படுவாள் அல்லவா. பவளம் சின்னது, என் விரல் தடித்தது.

முடிச்சுப் போடும்போது வாசற்படியில் எழும்பூர் ஜம்புலிங்க முதலியார் நின்றுகொண்டிருந்தார். இந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கற்பட்டுப் பக்கம் மூன்று கிராமம், எழும்பூரில் பங்களா, வயது முப்பத்தைந்து, கைவிரல்கள் பெண்பிள்ளையின் விரல்கள் மாதிரி. துரைமார்களோடு பந்தாடுவார், பாகவதர்களோடு பாடுவார். பட்டணத்தில் எந்தப் பெரிய கல்யாணம் நடந்தாலும் வாசலில் நின்று சந்தனம் கொடுப்பது இவர்தான். இவரைக் கண்டால் எல்லோருக்கும் பல் தெரிகிறது. எனக்கு மட்டும் இல்லை.

"என்ன பிள்ளைவாள், தாலியை நீங்களே கோத்துக் குடுக்கறீங்களா?" என்றார்.

"அறுந்திருந்தது" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 20, வெள்ளி

வியாபாரியின் வேலைக்காரர்களை விசாரித்தேன். ஆறு பேர், ஆறு பொய். துரையிடம் இதற்கும் பவளக்காரத் தெருவுக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். தாலி எப்படி இருந்தது என்று கேட்டார். சாதாரணமாக இருந்தது என்றேன்.

சௌந்தரம் நின்றாள்.

ஏப்ரல் 27, வெள்ளி

ஜம்புலிங்க முதலியார் வீட்டில் அவர் சம்சாரத்துக்கு வளைகாப்பு. என் வீட்டில் தையல்நாயகிக்கு அழைப்பு வந்திருந்தது. போக வேண்டாம் என்றேன். போனாள். வீடு திரும்பியதும் கூடத்தில் உட்கார்ந்து கையிலிருந்த கண்ணாடி வளையல்களை எண்ணிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தம்மா தாலியைப் பாத்தேன். பவளமெல்லாம் ஒரே பக்கம்."

நான் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இடப்பக்கம். என்னம்மா இப்படின்னு கேட்டேன். அவங்க வம்சத்துல அதுதான் வழக்கமாம். பவளம் பொண்ணு பக்கம், பொன்னு புருஷன் பக்கமாம். இன்னொன்னு கேளுங்க. அவங்க வீட்டுல பொம்பளைங்க கோக்கக் கூடாதாம். கட்டப்போற ஆம்பளைதான் முதல் நாள் தன் கையாலே கோக்கணுமாம். அதுக்குன்னு பத்து வயசுலேயே பழக்கிடுவாங்களாம்."

"சோறு போடு" என்றேன்.

"பவளக்காரத் தெருவுல பவளம் இடப்பக்கம் இருந்துச்சுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பெண்கள் நாலு பேர் கூடினால் எதையாவது கோத்துவிடுவார்கள். அவள் பயப்படவில்லை என்பதுதான் எரிச்சல். வளையல்களை மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 30, திங்கள்

இரண்டு கல்யாணத்திலும் முதலியார் இருந்திருக்கிறார். இரண்டிலும் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் அவரைப் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை. வாசலில் சந்தனம் கொடுக்கிறவரை எவன் தேடுவான்?

திருடன் என்றால் திருடன் மாதிரி இருக்க வேண்டாமா? பசித்தவன் திருடினால் எனக்குக் கோபம் வருவதில்லை, அடித்து உள்ளே போடுவதோடு சரி. மூன்று கிராமம் வைத்துக்கொண்டு திருடுகிறவனை நினைத்தால் உடம்பு எரிகிறது. அவன் கழுத்தைப் பிடித்துத் தெருவில் இழுத்து வர வேண்டும் போலிருக்கிறது.

மே 4, வெள்ளி

எழும்பூருக்குத் தனியாகப் போனேன். முதலியார் முன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நன்னாரி சர்பத் வந்தது. நான் தொடவில்லை.

"நீங்க எப்ப வருவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன், பிள்ளைவாள்" என்றார். "வீட்டுல முந்தாநாள்தான் பிரசவத்துக்குத் தாய்வீடு போனா. அவ இருக்கும்போது வேண்டாம்னு பாத்தேன். இப்போ நான் தயார்."

"எதுக்குத் தயார்?"

"ரெண்டு வீட்டு நகையும் அந்த பீரோவுல இருக்கு. ஒரு குன்றிமணிகூடக் குறையலை."

இப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பான், மிரட்டுவான், நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று போயிருந்தேன். ஏன் திருடினாய் என்று கேட்டேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"எழுநூறு பேர் பாக்கணும்னு நகையைப் பரப்பி வெக்கிறாங்க. ஒருத்தன்கூடப் பாக்கறதில்லை, விலையைத்தான் கேக்கறான். எடுத்துப் பாத்தா என்னன்னு தோணிச்சு. எடுத்தேன். அதுல ஒரு ருசி இருக்கு. பொய் சொல்லலை." சர்பத் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "பத்தரைப் புடிப்பீங்கன்னு நான் நெனைக்கலை. தை மாசமே உங்களுக்குக் கடுதாசி போட்டேனே, அவர் நிரபராதின்னு. வந்துச்சா?"

"பேர் இல்லாத கடிதாசி தினம் பத்து வரும்."

"அதனாலதான் சிந்தாதிரிப்பேட்டையில மறுபடி செஞ்சேன். பத்தர் உள்ள இருக்கும்போதே அதே கோப்பு வந்தா, வெளியில விட்டுடுவீங்கன்னு நம்பினேன். நீங்க அதைப் பிரிச்சுக் கோத்துக்கிட்டிருந்தீங்க."

எதிரே உட்கார்ந்திருக்கிறவனை அறையலாம் போல் இருந்தது. "அவ்வளவு கரிசனம் இருந்தால் நேராக வந்து கையை நீட்ட வேண்டியதுதானே? பத்தரைக் கல் உடைக்க விட்டுவிட்டு இங்கே வளைகாப்பு நடத்தினாயா?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "தைரியம் வரலை" என்றார். "இப்போ வந்திருக்கு. காகிதம் கொண்டு வரச் சொல்லட்டுமா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இப்பவே உங்க கூட வரேன்."

அந்த நிமிஷம் நான் எல்லாவற்றையும் நிதானமாக யோசித்தேன். இவனை இன்று கொண்டுபோனால் துரையின் முதல் கேள்வி, அப்படியானால் பத்தர் யார் என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, சிந்தாதிரிப்பேட்டைத் தாலி எப்படி இருந்தது என்பதாக இருக்கும். பட்டியல் இன்னும் அச்சாகவில்லை.

"அவசரம் வேண்டாம்" என்றேன். "சர்க்கார் வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. மே இருபத்தைந்தாம் தேதி நானே வருகிறேன். அதுவரை ஊரைவிட்டு நகரக் கூடாது."

"மூணு வாரமா? பத்தர் உள்ள இருக்காரே, பிள்ளைவாள்."

"ஐந்து வருஷத்தில் மூன்று வாரம் ஒன்றும் பெரிதில்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒரு திருடனிடமிருந்து அப்படி ஒரு பார்வையை வாங்க வேண்டும் என்று எனக்குத் தலையெழுத்து.

மே 8, செவ்வாய்

விழாவுக்கு அல்பாகா கம்பளிக் கோட்டு தைக்கக் கொடுத்தேன். தையற்காரன் இடுப்பளவை உரக்கச் சொல்கிறான், கடையில் நாலு பேர் இருக்கும்போது. சரிகைத் தலைப்பாகைக்குத் துணி வாங்கியாயிற்று.

சௌந்தரம் நின்றாள். இன்று தையல்நாயகி அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்ததை வண்டியிலிருந்து பார்த்தேன். மாலையில் கேட்டேன். "வெயில்ல நிக்கறாங்க" என்றாள். நானும்தான் வெயிலில் போகிறேன்.

மே 15, செவ்வாய்

சிறையிலிருந்து தகவல். நேற்று கல் உடைக்கும் இடத்தில் பாறை சரிந்து நாகலிங்க பத்தரின் வலது கை மாட்டிக்கொண்டதாம். கட்டைவிரல் மட்டும் மிச்சம். மற்ற நாலையும் டாக்டர் எடுத்துவிட்டார்.

பாறை சரிவதற்கு நான் என்ன செய்ய முடியும்? அது எப்போது வேண்டுமானாலும் சரிந்திருக்கும். மார்ச்சில் சரிந்திருக்கலாம். மார்ச்சில் சரிந்திருந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

இன்றைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 16, புதன்

தையல்நாயகி பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை.

மே 17, வியாழன்

பேசவில்லை. உப்பும் இல்லை. கேட்டதற்கு உப்புச் சாடியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மே 19, சனி

சிறை அதிகாரியிடமிருந்து கடிதம். மகாராணி பிறந்தநாளை முன்னிட்டு, வேலைக்கு லாயக்கில்லாத கைதிகள் சிலரை விடுவிக்கப் போகிறார்களாம். நாகலிங்க பத்தர் பெயரும் இருக்கிறது. போலீசுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்.

யோசித்துப் பார்த்ததில் எல்லோருக்கும் இதுவே நல்லது என்று பட்டது. அவன் வெளியே வந்துவிட்டால் அந்த வழக்கைக் கிளற யாருக்கும் அவசியம் இருக்காது. "விரல்கள் இல்லாத காரணத்தால் இவன் இனித் திருடும் சாத்தியம் இல்லை. ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல் இருந்தது. வீட்டுக்கு வந்து தையல்நாயகியிடம் சொன்னேன். "குத்தம் பண்ணலைன்னு எழுதினீங்களா?" என்று கேட்டாள். நாலு நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை இது. அதற்கு அவள் பேசாமலே இருந்திருக்கலாம்.

மே 22, செவ்வாய்

முதலியார் வீட்டு வண்டிக்காரன் ஒரு மரப் பெட்டியையும் ஒரு உறையையும் கொண்டுவந்து கொடுத்தான். ஐயா நேற்றுக் கப்பலில் பினாங்கு போய்விட்டார் என்றான்.

உறையில் வாக்குமூலம். இரண்டு திருட்டையும் எப்போது, எப்படிச் செய்தார் என்று வரிசையாக எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு, ஒரு பிழை இல்லாமல் இருந்தது. கூடவே எனக்கு ஒரு துண்டுக் கடிதம்:

"பிள்ளைவாள், பத்தரின் கை போன செய்தி கேட்டேன். இருபத்தைந்தாம் தேதிவரை இருப்பதாகச் சொன்ன வார்த்தை தவறிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கும் திராணி எனக்கு இல்லை. விரல் இல்லாவிட்டாலும் பேர் இருந்தால் அவர் பட்டறை வைத்து ஆள் போட்டுப் பிழைப்பார். திருடன் என்ற பேரோடு யாரும் ஒரு குன்றிமணிப் பொன்னை அவரை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே இந்தக் காகிதத்தை உடனே உங்கள் துரையிடம் சேர்ப்பிக்கவும். சாட்சிகளுக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. வேறு பிரதி இல்லை. வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. உங்கள் வழக்கு, உங்கள் கையாலேயே திருத்துவதுதான் உங்களுக்குக் கௌரவம் என்று நினைத்தேன்."

பெரிய மனிதர்களின் புத்தியே இவ்வளவுதான். தான் கௌரவம் என்று நினைப்பது எல்லோருக்கும் கௌரவம் என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு பூட்டையும் உடைக்காமல் நகை எடுக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு பிரதி எழுதி வைக்கத் தெரியவில்லை. அவனை நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன்.

மே 23, புதன்

கூவம் கரையில் புதரில் கிடந்ததாக நகைப் பெட்டியைத் துரையிடம் ஒப்படைத்தேன். இரண்டு வீட்டுக்காரர்களும் ஸ்டேஷனுக்கு வந்து அடையாளம் காட்டிக் கண்ணீர் விட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்ற என் அறிக்கையை மறந்து, பத்தரின் கூட்டாளிகள் பயந்து போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள் என்று துரையே சொன்னார். நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

மே 24, வியாழன்

காலையில் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். தையல்நாயகி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாக்குமூலத்தை நாலாக மடித்து அடுப்பில் வைத்தேன். கெட்டிக் காகிதம், பிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து விறகு பாதி அணைந்துபோயிற்று, அவள் கையை நீட்டவில்லை. மிச்சத்தை நான் ஊதி எரித்தேன்.

ராவ் சாகிப் ஆனேன். பாண்டு வாசித்தார்கள். கோட்டு இடுப்பில் பிடித்தது.

மே 26, சனி

காலை எட்டு மணிக்கு வண்டி ஏறப் போகும்போது வாசலில் சௌந்தரம். இன்று தனியாக இல்லை, பக்கத்தில் நாகலிங்க பத்தர். தலை மொட்டை அடிக்கப்பட்டு, கன்னம் ஒட்டி, பாதி ஆளாகியிருந்தான். வலது கையில் மணிக்கட்டுவரை துணி சுற்றியிருந்தது. நாலு மாதமாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவள், இன்று நேராகப் படிவரை வந்து என் காலில் விழுந்தாள்.

"எசமான், ஜெயிலர் ஐயா சொன்னாரு. போலீசுல சரின்னு எழுதினதாலதான் விட்டாங்களாம். நீங்க மனசு வெச்சீங்க. உங்களைத் தப்பா நெனச்சு தினம் வந்து நின்னேனே, என் வயித்தெரிச்சல் உங்க புள்ளகுட்டிங்களைத் தாக்காம இருக்கணும்னு நேத்துக் கோயில்ல விளக்கு ஏத்தினேன். மன்னிச்சுடுங்க."

எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை.

பத்தர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடப் பார்த்தான். சேரவில்லை. "பட்டம் வந்திருக்குன்னாங்க" என்றான். "கை நல்லா இருந்திருந்தா எசமானுக்கு ஒரு மோதிரம் பண்ணிக் குடுத்திருப்பேன்."

இவன் என்னை வைதிருக்கலாம். துப்பியிருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, லாக்கப்பும் இருந்தது. இந்தக் கும்பிடுக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. முதலியார்மேல், இவன்மேல், இவளுடைய விளக்கின்மேல். கடைசியில் அது யார்மேல் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் தையல்நாயகி வந்து நிற்பது தெரிந்தது. அவள் வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட ஒரு கணம் இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் சொல்வதற்காக.

"இனிமேலாவது ஒழுங்காக இருந்து பிழைத்துக்கொள்" என்றேன் பத்தரிடம்.

"சரிங்க எசமான்" என்றான்.

தையல்நாயகி உள்ளே போய்விட்டாள். சௌந்தரம் புருஷனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, தெருமுனை திரும்பும்வரை திரும்பித் திரும்பி என்னைக் கும்பிட்டுக்கொண்டே போனாள்.